கிண்டாமல் ஒட்டிய குழாய்

கக்கூசு நாறினால் யாரும் பயப்படமாட்டார்கள். மக்டலீனின் கக்கூசு மணத்தது. விடிய எழும்பி வாளித் தண்ணீரோடு கதவைத் திறந்தவளுக்கு, விளிம்புவரை பொங்கி நின்ற மஞ்சள் தண்ணீருக்கும் அதில் மிதந்த அழுக்குக்கும் மேலாக, இனிப்பாக, குளிர்ச்சியாக, பிரேதத்துக்குத் தெளிக்கிற ஓடிக்கொலோன் வாசம் அடித்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். தலைப்பிலும் அதே வாசம். வேலியோரம் ஓடிப்போய் வெறும் வயிற்றோடு சத்தியெடுத்தாள்.

அந்த வாசம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு முழுப் போத்தலைத் தன் கையாலேயே ஊற்றியவள் அல்லவா.

எண்பத்தேழு ஐப்பசியில் கொழும்புத்துறையில் செல் விழுந்து வெடித்தபோது, அவள் புருஷன் கனிசியஸ் கிணற்றடியிலேயே செத்துப்போனான். ஊரடங்கு. படலையைத் தாண்ட முடியாது. செபஞ்சொல்லக் கோயில் சுவாமி வர முடியாது. ஆட்களைத் தாட்கிற சேமக்காலைப் பக்கம் தலைகாட்டவே முடியாது. மூன்றாம் நாள் உடம்பு ஊதிவிட்டது. வளவோ கல்லுப் பூமி, அலவாங்கைப் போட்டால் நெருப்புப் பறக்கும். மண் இளகிக் கிடந்தது ஒரேயொரு இடத்தில்தான்: கக்கூசிலிருந்து மலக்குழிக்குக் குழாய் போட்டு மூடிய வாய்க்காலில். பக்கத்து வீட்டுத் தம்பிஐயாவும் அவளும் அதிலேதான் தோண்டினார்கள். அலவாங்கு எதிலோ பட்டு, மண்குழாய் உடைகிற சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி இருந்து அவனை அதன்மேல் இறக்கினாள்.

ஊரடங்கு எடுத்த பிறகு, வளவுகளில் தாட்டவர்கள் எல்லாரும் தங்கள் ஆட்களைக் கிளறியெடுத்துச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். மக்டலீனும் ஒருநாள் மண்வெட்டியை எடுத்தாள். நாலு வெட்டு வெட்டியிருப்பாள். ஓடிக்கொலோனும் அழுகலும் ஒன்றாகக் கிளம்பி முகத்தில் அறைந்தன. பக்கத்தில் படுத்து இரண்டு பிள்ளை பெற்றுக்கொண்ட மனுஷன்தான். ஆனாலும் அருவருத்துப் போனாள். மூடிவிட்டு அதன்மேல் குரோட்டன் நட்டாள். தம்பிஐயா குடும்பம் அதற்குள் வன்னிக்குப் போய்விட்டது, கேட்க ஆளில்லை. அப்பாவைச் சேமக்காலைக்கு மாற்றியாயிற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, போன வருஷ ஆத்துமாக்கள் திருநாளன்று யாரோ ஒருவரின் பெயரில்லாத குழிமேட்டில் மெழுகுதிரி கொளுத்தி, அதுகளை முழங்காலில் நிற்கவும் வைத்தாள்.

திருநாள் திரும்ப வந்துவிட்டது. சாவகச்சேரியில் தமக்கை வீட்டில் நின்று படிக்கிற பிள்ளைகள் இன்று பின்னேர பஸ்ஸில் வருகிறார்கள். அதற்குள் கக்கூசு சரிவரவேண்டும். மண்ணைக் கிண்டாமல் சரிவரவேண்டும்.

பைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிற யாகோப்பைக் கூப்பிட்டாள். வாய் ஓயாத மனுஷன். கக்கூசுக் கோப்பையைப் பெயர்த்தெடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குழாய்க்குள் நீள மூங்கில் சிலாகையை விட்டுப் பார்த்தார். சிலாகை போய்த் தட்டி நின்றது. எங்கே நின்றதென்று அளந்து, வெளியே வந்து குரோட்டன்மேல் கை வைத்தார்.

"உதுக்குக் கீழைதான் உடைவு, தங்கச்சி. அரை நாளிலை கிண்டி மாத்திப்போடலாம்."

"கிண்டேலாது அண்ணை. வெடிக்காத செல் ஒண்டு தாண்டு கிடக்கு."

யாகோப்பு காலைச் சட்டென்று பின்னுக்கு எடுத்தார். அந்த நாளில் அப்படிச் சொன்னால் ஒருவரும் தோண்டிப் பார்த்து உண்மையா என்று கேட்கமாட்டார்கள்.

"அப்ப உள்ளாலை ஒட்டுவம். வள்ளத்துக்குச் செய்யிற வேலைதான்."

மோட்டார்சைக்கிள் ரியூப்புகளை வெட்டி நீளமாக ஒட்டி, பொலித்தீன் சுற்றி, அதன்மேல் பைபர் துணியை உறைபோலத் தைத்து, றெசின் பசையில் ஊறவைத்தார். கயிறு கட்டி மலக்குழிப் பக்கமிருந்து இழுத்து, உடைவுக்கு நேரே நிறுத்திக் காற்றடித்தால், ரியூப் ஊதித் துணியைக் குழாயோடு அப்பிவிடும். இறுகியதும் காற்றை விட்டு ரியூப்பை உருவியெடுப்பது. பழைய குழாய்க்குள் புதுக் குழாய்.

"எவ்வளவு நீளம் ஒட்டவேணும் அண்ணை?"

"ஒரு ஆள் நீளம் வரும்."

மக்டலீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

றெசினின் காரவாசம் மற்ற எல்லா வாசத்தையும் அமுக்கியபோது அவளுக்கு மூச்சு வந்தது. இனி என்ன, இரண்டும் இரண்டாகிவிடும். அவன் மண்ணோடு, அழுக்கு குழாயோடு. இவ்வளவு நாளும் தன் வீட்டு மலம் அவன்மேல்தான் ஒழுகியதென்ற நினைவையும் அதோடு சேர்த்து ஒட்டிவிடலாம் என்றுகூட நினைத்தாள். யாகோப்பு பம்பை அமத்தினார். பிடி திரும்ப மேலே வந்தது. திரும்பவும் அமத்தினார்.

"ஆரோ அங்காலை நிண்டு தள்ளுறமாதிரிக் கிடக்கு," என்று சிரித்தார்.



இறுகும்வரை வேப்பமர நிழலில் காத்திருந்தார்கள். குரோட்டனுக்குக் கீழே 'கிரீச்' என்றது. றெசின் சூடாகி இறுகுகிற சத்தம் என்றார் யாகோப்பு. சிறிது நேரத்தில் இன்னொரு சத்தம், ஈரத்துணி கிழிவது போல. அவர் எழும்பிப்போய்க் காற்றைத் திறந்துவிட்டார்.

ரியூப் இலேசில் வரவில்லை. இருவருமாக இழுத்தார்கள். வந்தபோது, நடுவில் பொலித்தீன் ஈரமாக, கொழகொழவென்று, மனுஷர் சப்பித் துப்பியது போல இருந்தது. மக்டலீனின் கையிலும் ஒட்டியது. சேலையில் துடைத்தாள். வழுவழுத்தது. திரும்பவும் துடைத்தாள்.

"தண்ணி ஊத்துங்கோ பாப்பம்," என்று யாகோப்பு மலக்குழியடிக்குப் போனார்.

ஊற்றினாள். குழாய்க்குள் சரசரவென்று ஓடியது.

"வருதோ அண்ணை?"

"வரேல்லை. இன்னும் ஊத்துங்கோ."

ஊற்றினாள். உள்ளே சத்தம்.

மொடக்.

மொடக். மொடக்.

"ஒரு சொட்டும் வரேல்லை, தங்கச்சி."

யாகோப்பு திரும்பி வந்தார். சுவர்க் கண்ணாடியை வாங்கி, கதவால் விழுந்த பின்னேர வெயிலைக் குழாய்க்குள் திருப்பிவிட்டு, குனிந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பிறகு கண்ணாடியைச் சுவரோடு சாய்த்துவிட்டு எழும்பிச் சிலுவை போட்டார். 

"அண்ணை? என்ன அண்ணை?"

"காத்து துணியை உள்ளையிருந்து வெளியாலைதான் தள்ளும்," என்றார் கடைசியில். "துணி உள்ளுக்கு வராது. வரவே ஏலாது."

றெசின் தகரத்தையும் பம்பையும் விட்டுவிட்டுப் படலையைத் தாண்டிப் போய்விட்டார்.

மக்டலீன் கக்கூசுத் தரையில் படுத்தாள். ஈரச் சீமெந்து கன்னத்தில் ஒட்டியது. கண்ணாடியைச் சரித்தாள்.

தேன் நிறத்தில் புதுக்குழாய். நடுவில், மேற்பக்கமிருந்து, துணி உள்ளே புடைத்து இறுகியிருந்தது. நெற்றி. மூக்கு. துணி மூடிய கண்கள். வாய் இருந்த இடத்தில் மட்டும் துணி இல்லை.

வாய் இருந்தது.

அவள் ஊற்றிய தண்ணீர் அதன் விளிம்பில் வழிந்தது. மஞ்சளாக. உதடு அதை நக்கி உள்ளே எடுத்தது.

மொடக்.

பிறகு ஒரு ஏப்பம். ஓடிக்கொலோன் வாசம் வெதுவெதுப்பாக வந்து அவள் முகத்தில் பட்டது.

கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் படலை கிரீச்சிட்டது. புத்தகப் பை தரையில் விழுந்தது. சின்னக் கால்கள் வளவால் ஓடிவந்தன.

"அம்மா! வெளியாலை வாங்கோ, எனக்குக் கக்கூசுக்கு அவசரம்!"

பிள்ளையின் குரல் கேட்டதும், கல்லாய் இறுகிய றெசினுக்குள் அந்த முகம் மெல்லக் கக்கூசுப் பக்கம் திரும்பி, வாயை இன்னும் அகலத் திறந்தது.