ஆகஸ்டில் வராதீர்கள்!

டெலிபோன் அலறியது.

பகல் பதினொன்றரை மணி. ஆகஸ்ட் மாதம். அமீரகத்து அல் ஐன் நகரத்தில் அந்த நேரத்துக்கு நிழலிலேயே நாற்பத்தெட்டு டிகிரி. கொலை செய்யக்கூட மனிதனுக்குச் சுறுசுறுப்பு வராத வெயில்!

யாருக்கோ வந்திருந்தது.

"கேப்டன்! நான் உம்மு ஹமத் பேசறேன்... என் விடுதிக்கு உடனே வாங்க! தானி செத்துக் கிடக்கான்!"

கேப்டன் கானிம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தத் தானி? டூரிஸ்ட் கைடு தானியா?"

"அவனேதான்! கொன்னவனையும் அறையில வச்சுப் பூட்டிட்டேன்! வந்து அள்ளிட்டுப் போங்க!"

"உங்கள மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்தா எங்களுக்குச் சம்பளமே வேண்டாம்" என்றார் கானிம்.

பத்தே நிமிடம். ஜீப் விடுதி வாசலில் நின்றது.

மோஸா கதவைத் திறந்தாள். ஐம்பது வயது விதவை. மகன் ஹமத் வெளிநாட்டில் படிக்கிறான். ஊருக்கே அவள் உம்மு ஹமத், ஹமதின் அம்மா. ஆறு அறை விடுதி. ஆகஸ்ட் என்பதால் ஐந்து அறைகள் காலி.

விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் தானி கம்பளத்தின்மேல் குப்புறக் கிடந்தான். வெள்ளை அங்கியின் கழுத்துப்பக்கம் முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் காப்பிக்கொட்டை இடிக்கிற பித்தளை உலக்கை. கையில் இன்னும் காப்பிக் கிண்ணம்!

"குடிச்சு முடிக்கவாவது விட்டிருக்கலாம்" என்றார் சார்ஜென்ட் கல்ஃபான். வாய்க்கு எங்கேயும் லீவு விடாத ஆசாமி.

"வெளியிலேர்ந்து யாராவது வந்தாங்களா?" என்று கானிம் கேட்டார்.

மோஸா அடித்துச் சொன்னாள்.

"ஈ, எறும்பு வரல! தானி வந்ததும் நானே கேட்டை உள்பக்கமாத் தாழ் போட்டேன். உங்களுக்குத்தான் மறுபடி திறந்தேன். வீட்ல இருந்தது நான், தானி, அந்த மொரோக்கோக்காரன். மூணே பேர்!"

"சத்தம்?"

"நான் பின்கட்டுல சமையல்ல இருந்தேன். வந்து பாத்தா இவன் இப்படி... அவன் கையில கட்டு! நீங்களே பாருங்க!"

பூட்டிய அறை திறக்கப்பட்டது.

இத்ரீஸ். பள்ளிக்கூட வாத்தியார்; இந்த ஊர்ப் பேச்சில் உஸ்தாத். வயது முப்பதுக்குள். இங்கே ஒரு பள்ளியில் வேலைக்கு நேர்காணல் என்று முந்தாநாள் வந்தவன். வலது கையில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான்.

"ஐயா! அஞ்சு மணிக்கு அபுதாபியில ஃப்ளைட். என் பொண்டாட்டிக்கு இந்த வாரம் பிரசவம்... முதல் குழந்தை! ஆஸ்பத்திரியில தனியா இருக்கா! என்னை விட்டுடுங்க!"

"விடறோம் உஸ்தாத். இருபது வருஷத்துல விட்டுடுவோம்" என்றார் கல்ஃபான். "புள்ளையும் அதுக்குள்ள வளந்துடும்."

இத்ரீஸின் முகம் வெளுத்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"கல்ஃபான், வாய மூடு!" என்ற கானிம் கட்டிலில் உட்கார்ந்தார். "தானி எதுக்கு இங்க வந்தான்?"

"என்னை வழியனுப்பத்தான். நல்ல மனுஷன் ஐயா! நான் ஊர்லேர்ந்து போன் பண்ணி என்னென்ன பாக்கலாம்னு கேட்டப்போ, இப்ப வராதேன்னாரு. வேலை விஷயம், வந்தே ஆகணும்னேன். அப்படின்னா விடியக்காலையில பேரீச்சந்தோப்பு, பொழுது சாஞ்சப்பறம் ஹஃபீத் மலை, மத்த நேரம் ஏ.சி.க்கு முன்னால உக்காருன்னாரு. ஒட்டகச் சந்தை, கோட்டையெல்லாம் டிசம்பர்ல பொண்டாட்டி புள்ளையோட வந்து பாருன்னாரு."

கானிமுக்குச் சிரிப்பு வந்தது. தானியின் கைப்புத்தகம் ஊரறிந்தது. மற்ற வழிகாட்டிகள் எல்லாரும் 'வருடம் முழுவதும் இன்பம்' என்று அச்சடித்துப் பிழைத்தார்கள். தானி மட்டும் முதல் பக்கத்திலேயே போட்டான். 'நவம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். ஆகஸ்டில் வர நினைத்தால், மறுபடி நினையுங்கள்.' சுற்றுலாத் தொழிலில் உண்மை பேசிய ஒரே ஆள். அவனைத்தான் உலக்கையால் அடித்திருக்கிறார்கள்.

"நீ எந்தச் சத்தமும் கேக்கலையா?"

"ஏ.சி. டிராக்டர் மாதிரி ஓடுது ஐயா! அவர் வர்றதுக்கு முன்னாலயே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா கதவு பூட்டியிருக்கு!"

குளியலறையிலிருந்து கல்ஃபான் கத்தினார்.

"கேப்டன்! இங்க வாங்க!"

மஜ்லிஸுக்கும் அறைக்கும் நடுவில், நடையில் பொதுவான குளியலறை. பேசினில் இரண்டு குழாய்கள். நீலத் தலையுள்ளது பளிச்சென்று இருந்தது. சிவப்புத் தலையுள்ளதில்... ரத்தம்! கையைக் கழுவிய ஆள் குழாயைக் கழுவ மறந்திருந்தார்.

"பாத்தீங்களா!" மோஸா குரலை உயர்த்தினாள். "கொன்னுட்டு இங்கதான் கழுவியிருக்கான்! அடிக்கறப்ப கையில பட்ட காயத்துக்குத்தான் அந்தக் கட்டு!"

கானிம் கைக்குட்டையை அவிழ்த்தார். வெட்டு இல்லை. கீறல் இல்லை. உள்ளங்கை முழுக்கக் கன்றிச் சிவந்திருந்தது.

"என்ன இது உஸ்தாத்?"

இத்ரீஸ் கூச்சத்தோடு சொன்னான்.

"வந்த அன்னிக்கே கொதிச்சுது. இன்னிக்குக் காலையிலயாவது ஆறியிருக்கும்னு மூஞ்சி கழுவப் பச்சைத்தண்ணிக் குழாயத் திறந்தேன் ஐயா. நீலத்தை... கொதிக்குது!"

"சரி. அப்புறம் சிவப்பைத் திறந்தியா?"

"எனக்கென்ன பைத்தியமா? பச்சைத்தண்ணியே இந்த லட்சணம்னா வெந்நீர் எப்படியிருக்கும்? கிட்டக்கூடப் போகல! ஃப்ரிட்ஜ்ல இருந்த குடிதண்ணி பாட்டில்லதான் வந்ததுலேர்ந்து குளியலே! எண்ணிப் பாத்துக்குங்க!"

அறை மூலையில் காலி பாட்டில்கள் மலையாகக் குவிந்திருந்தன.

கானிம் அப்படியே நின்றார்.

பிறகு மெல்லத் திரும்பினார்.

"உம்மு ஹமத்... மே மாசமே ஹீட்டரை அணைச்சிருப்பீங்களே?"

"அணைக்காம? ஊரே அணைக்குதே!"

"ஆமா. ஊரே அணைக்குது. நீலக் குழாய்க்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணி. வெயில்ல வெந்து வரும். அணைச்ச ஹீட்டர்ல நிக்கற தண்ணி ஏ.சி.யில ஜில்லுனு இருக்கும். அதனால கோடையில நம்ம ஊர்க்காரன் கை தன்னாலேயே சிவப்புக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான். உங்களுக்கும் அப்படித்தான்."

மோஸா வாசல் பக்கமாக ஓர் அடி நகர்ந்தாள்.

"இவன் பயந்து நடுங்கற குழாய்ல ரத்தம் இருக்கு. தானியும் உள்ளூர்தான், ஆனா செத்தவன் எழுந்து வந்து கை கழுவல. கேட்டு தாழ் போட்டிருந்துச்சு, ஈ எறும்பு வரலன்னு நீங்களே சொன்னீங்க. மிச்சம் யாரு?"

"பொய்! எல்லாம் உங்க ஊகம்!"

"ரேகை எடுக்கற ஆள் வழியில வந்துட்டிருக்கான். காப்பி போடுங்க, காத்திருப்போம்."

அவ்வளவுதான். மோஸா தரையில் சரிந்தாள்.

"கெஞ்சினேன் கேப்டன்! அந்த ஒரு வரிய எடுத்துடுன்னு கையப் புடிச்சுக் கெஞ்சினேன்! குளிர்காலத்துல எல்லாரும் பெரிய ஹோட்டலுக்குப் போயிடறாங்க. எனக்குன்னு இருந்தது இந்தக் கோடைதான்... அதையும் அவன் புஸ்தகம் துடைச்சிடுச்சு! புதுப் பதிப்புல அதையே அட்டையில பெரிய எழுத்துல போடப்போறேன்னு என் காப்பியைக் குடிச்சுக்கிட்டே சொல்றான்! உலக்கை கையில இருந்துச்சு..."

"உலக்கை கையில இருந்துச்சு, சரி. பழியைப் புள்ளதாச்சி புருஷன் தலையில போட்டீங்களே?"

மோஸா முதன்முறையாக இத்ரீஸைப் பார்த்தாள். தலை கவிழ்ந்தது.

"கல்ஃபான்! உஸ்தாத்தோட வாக்குமூலத்தை எழுதி வாங்கு. ஜீப்ல ஏத்து. அஞ்சு மணி ஃப்ளைட்டை விட்டா உன்னை அந்த ரன்வேயிலேயே ஓட விடுவேன்!"

இத்ரீஸ் கேப்டனின் நெற்றியில் முத்தமிட்டான். அழுதான். சிரித்தான். பெட்டியை மறந்துவிட்டு ஓடினான். கல்ஃபான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

விலங்கு மாட்டப்பட்ட மோஸா, இரண்டாவது ஜீப் வந்து நின்றதும் தயங்கினாள். வாசலில் அனல் முகத்தில் அறைந்தது.

"கேப்டன்... உங்க லாக்கப்புல ஏ.சி. இருக்கா?"

"இருக்கு, உம்மு ஹமத். ஆனா அங்க வர்றதுக்கு நல்ல மாசம்னு ஒண்ணு கிடையாது!"