மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை

அது அவர்கள் ஏறி இறங்கிய ஏழாவது கடை. உள்ளே நுழைந்ததும் அவன் பையிலிருந்து கறுப்பு மீட்டரை எடுத்தான். விற்பனையாளரின் முகம் விழுந்துவிட்டது. நிறம் கேட்பவர்களையும், தள்ளுபடி கேட்பவர்களையும், எத்தனை போர்வை பிடிக்கும் என்று தலையை உள்ளே விட்டுப் பார்ப்பவர்களையும் அவர் சமாளித்திருக்கிறார். வாஷிங் மிஷினை வெறுமனே ஓடவிட்டு, அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சத்தத்தை அளந்து நோட்டில் எழுதுகிற ஆளை அவர் கண்டதில்லை.

"சார், இதுக்கு மேல சத்தம் குறையணும்னா கையாலதான் துவைக்கணும்," என்றார்.

அவன் சிரிக்கவில்லை. "சுத்தும்போது ஐம்பது டெசிபலுக்குக் கீழ இருக்கணும். பக்கத்து ரூம்ல ஒருத்தர் ஸ்பூனால தட்டினா, மிஷின் பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்கணும்."

"பக்கத்து ரூம்ல யாரு சார் இருக்காங்க?"

"இப்ப யாரும் இல்ல."

பின்னால் நின்ற அவன் மனைவி கைப்பையைத் திறந்து இன்ஹேலரைத் தேடினாள். சோப்புத்தூள் வாடை பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். அந்தக் கடையில் சோப்புத்தூள் எதுவும் இல்லை.

அவன் காது பரிசோதகன். தெருவில் அவனுக்குக் காதுக்காரர் என்றே பெயர். ஒலி புகாத சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப்புறமிருந்து பொத்தானை அழுத்துவது அவன் தொழில். நஷ்ட ஈட்டுக்காகச் செவிடு மாதிரி நடிக்க வருகிறவர்களைப் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். "நெசமாவே கேக்காதவன் சும்மா உக்காந்திருப்பான். நடிக்கறவன்தான் எச்சில் முழுங்குவான்," என்பான். கல்யாணமான புதிதில் அவள் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

அவன் அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். பக்கவாதம் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. வலது கையில் மூன்று விரல்களை மட்டும் விட்டுவைத்தது. அந்த விரல்களுக்கு இடையில் ஒரு ஸ்பூனைச் செருகி, கட்டில் கம்பியில் தட்டக் கற்றுக்கொடுத்தவன் மகன்தான். ஒரு தட்டல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால் மூச்சு முட்டுகிறது, ஓடி வா. இதைக் காகிதத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டியும் வைத்தான். பிறகு அவன் வேலைக்குப் போய்விடுவான். நாள் முழுக்க ஓடியவள் அவள்.

அவர் போன அன்றைக்குக் காலையிலிருந்தே ஓயாத தட்டல். ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. பதினோரு மணிக்கு மூன்று தட்டல் கேட்டபோது அவள் துவைக்கும் அறையில் பழைய மிஷினுக்கு முன்னால் நின்றிருந்தாள். முந்தின வாரமும் மாமனார் இப்படித்தான் மூன்று தட்டினார். அவள் விழுந்தடித்து ஓடியதும் தலையணையைச் சரிசெய்யச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். 'போதும் மாமா, கொஞ்சம் சும்மா கெடங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுபடி மூன்று.

அவள் கையை நீட்டிப் பிழிகிற பொத்தானை அழுத்தினாள். அந்தக் கிழட்டு மிஷின் நொண்டி நொண்டி ஆடிக்கொண்டு வீட்டையே தூக்கிப்போடுகிற மாதிரி இரைந்தது. ஏழு நிமிடம் இரைந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஏழு நிமிடம் அவளுக்கு இதமாக இருந்தது. இரைச்சலுக்கு நடுவிலும் மும்மூன்றாகத் தட்டல் வந்துகொண்டிருந்தது. நாலாவது நிமிடம் வரை வந்தது.

"மிஷின் சத்தத்துல கேக்கலைங்க," என்று அழுதாள் அவன் வந்தபோது. அவன் நம்பினான். அவளைத் திட்டவில்லை. "அப்பாவைக் கொன்னது இந்த மிஷின்தான்," என்றான். கடைசியாக ஒரு தடவை அதை ஓடவிட்டு, இரைச்சலை அளந்து, ஃபோனில் பதிவும் செய்துகொண்டு, கட்டிங் பிளேயரால் வயரை ஒட்ட வெட்டினான். பழைய சாமான்காரர் வரும்வரை அது வாசல் வராந்தாவில் கிடக்கட்டும் என்று இழுத்துப் போட்டான். இனி இந்த வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் சத்தமில்லாத மிஷின் என்றான். அவன் அப்படியே நம்பிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஏழாவது கடையில் மிஷின் கிடைத்தது. நாற்பத்தாறு டெசிபல்.

மிஷின் வந்த அன்றே அவன் சோதனை வைத்தான். துவைக்கும் அறை வீட்டின் கடைசியில், ஒரு நீள நடைபாதையின் முடிவில் இருந்தது. மறுமுனையில் அப்பாவின் அறை. "கதவைத் திறந்து வெச்சுட்டு மிஷினைப் பார்த்து நில்லு. நான் கட்டில்ல தட்டறேன். கேட்டா விரலைத் தூக்கு," என்றான். அவள் தலையாட்டினாள்.

புது மிஷின் சுற்றியது. சுற்றுகிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததை அவள் அறிந்ததே இல்லை. மூலையிலிருந்து மருந்தும் மூத்திரமும் கலந்த பழைய படுக்கை நாற்றம் மெல்ல எழுந்தது.

டங்.

விரலைத் தூக்கினாள்.

டங். டங்.

இரண்டு தடவை தூக்கினாள். பரவாயில்லை, நன்றாகத்தான் கேட்கிறது என்று அவளுக்கு நிம்மதிகூட வந்தது. அவன் நடந்து வந்து பக்கத்தில் நின்றான். கையில் அப்பாவின் ஸ்பூன்.

"என்ன, விரலைத் தூக்கிட்டே?"

"தட்டினீங்கல்ல? மூணு தடவை."

"நான் இன்னும் தட்டவே இல்லையே."

அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் பரிசோதனை நிலையத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பீக்கரைத் தரையில் வைத்து, பழைய மிஷினின் பதிவை அதே அளவு இரைச்சலில் போட்டான். வீடு அதிர்ந்தது.

"இந்தத் தடவை என்னைப் பார்த்து நில்லு," என்று கத்திச் சொல்லிவிட்டு அப்பாவின் அறை வாசலுக்குப் போனான். ஸ்பூன் பிடித்த கை கதவு நிலைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

டங். டங். டங்.

இரைச்சலுக்கு நடுவில், அன்றைக்குக் கேட்ட மாதிரியே கேட்டது. அவள் விரலை அசைக்கவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றாள்.

எச்சிலை மட்டும் விழுங்கினாள்.

அவன் வந்து ஸ்பீக்கரை அணைத்தான். "கேட்டுதா?"

"இல்லைங்க."

"ஆமா. எப்படிக் கேக்கும்?" என்றான் சாதாரணமாக. ஸ்பூனைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டான். அவள் தப்பித்தோம் என்று நினைத்தாள், பாவம்.

அதற்குப் பிறகு அவள் மிஷினைப் போடும்போதெல்லாம் தட்டல் கேட்டது. முதல் வாரம் நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து. இரண்டாம் வாரம் பாதி வழியிலிருந்து. அவள் குழாயைத் திறந்துவிட்டாள், ரேடியோவை அலறவிட்டாள், சத்தம் போட்டுக் கணக்கு வாய்ப்பாடு சொன்னாள். எல்லாவற்றையும் தாண்டி வந்தது.

"இந்த மிஷின் வேணாங்க. திருப்பிக் குடுத்துடலாம்," என்றாள்.

"ஏன்? சத்தமே இல்லையே?"

"அதான் வேணாங்கறேன்."

"பழகிக்கோ," என்றான் அவன்.

மூன்றாம் வாரம், ஒரு விடுமுறை நாள் காலை. அவன் வீட்டில் இருந்தான். அந்தத் தைரியத்தில்தான் அவள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சோப்புத்தூளைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் ஓசையில்லாமல் சுற்றத் தொடங்கியது.

டங். டங். டங்.

இந்தத் தடவை மிஷினுக்கு உள்ளேயிருந்து.

அவள் பதறிப் பின்வாங்கினாள். கை பட்டுச் சோப்புத்தூள் டப்பா கவிழ்ந்து வெள்ளைத் தூள் அறை முழுக்கப் பறந்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மழை ஈரத்தில் உப்பிய கதவு. தூக்கித் தள்ளினால் திறந்துவிடும். அவள் தூக்கித் தள்ளினாள்.

திறக்கவில்லை.

நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் சமையலறை அலமாரியில் இருந்தது, பதினைந்தே அடி தூரத்தில். கணவனைக் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. கதவில் தட்டினாள். யோசிக்காமல், கை தானாகவே மூன்று தட்டியது. வீடு அமைதியாக இருந்தது. ஊரிலேயே நல்ல காது உள்ளவன் வீட்டில் இருந்தான். இதோ வந்துவிடுவான்.

அப்போது வாசல் பக்கம் பழைய மிஷின் ஓடத் தொடங்கியது.

நொண்டி நொண்டி அது இரைந்தது. வயர் இல்லாத மிஷின். சுவர் அதிர்ந்தது, கதவு அதிர்ந்தது, அவள் தட்டியது அவளுக்கே கேட்கவில்லை. அந்த நாற்றம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவள் மறுபடி மூன்று தட்டினாள். மறுபடி மூன்று.

காதுக்காரன் அப்பாவின் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். இரைச்சல் அவனுக்கும் கேட்டது. வாசலில் போய்ப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. நடைபாதையின் கோடியிலிருந்து வந்த மெல்லிய தட்டலும் கேட்டது. அதைக் கேட்கிற தொழிலில்தான் அவன் இருபது வருடமாக இருக்கிறான்.

ஒவ்வொரு தட்டலுக்கும் விரலைத் தூக்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

எழுந்திருக்கவில்லை. நாலாவது நிமிடத்துக்குப் பிறகு விரலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஏழாவது நிமிடம் பழைய மிஷின் தானாக நின்றது. அவன் போய்த் துவைக்கும் அறைக் கதவைத் தொட்டதும் திறந்துகொண்டது.

"மிஷின் சத்தத்துல கேக்கல," என்றான் வந்தவர்களிடம்.

அவளுடைய அண்ணன் அழுத கண்ணோடு துவைக்கும் அறைக்குப் போய்ப் புது மிஷினைப் போட்டுப் பார்த்தார். அதன் மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு வராந்தாவுக்குப் போய்ப் பழைய மிஷினின் வெட்டுப்பட்ட வயரைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து கேட்டார்.

"எந்த மிஷின் மாப்ள?"

மூச்சிழுப்பு நோய்க்காரி, கதவு உப்பியிருந்தது, டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். முதல் ஆள் ஒரு ஓய்வுபெற்ற லாரி டிரைவர். அவரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கனத்த கதவைச் சாத்திவிட்டு வந்தான். கருவியைப் போடுவதற்கு முன்பே கண்ணாடிக்கு அந்தப்புறம் விரல் உயர்ந்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

அவன் மைக்கில் பேசினான். "ஐயா, நான் இன்னும் சத்தமே குடுக்கலையே."

"நீங்க குடுக்கற சத்தம் இல்ல தம்பி. இந்தக் கதவை யாரோ தட்டறாங்க. மூணு மூணாத் தட்டறாங்க." டிரைவர் ஹெட்போனைக் கழற்றி, தலையைச் சாய்த்து, பரிதாபத்தோடு கேட்டார். "யாரோ பொம்பளைப் புள்ளை மாதிரி இருக்கு. மூச்சு வாங்குது. யாராச்சும் போய்த் திறந்து விடக்கூடாதா? உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லையே," என்றான் அவன்.

எச்சிலை விழுங்கினான்.

டிரைவரின் விரல் மறுபடி உயர்ந்தது.