படத்தில் இருந்த இரண்டு கைகள்

எருத்தேன்பதியில் ஒரு புகழ் மண்டபம் திறக்கப் போகிறார்கள் என்று எழுபத்து நான்காம் வருடம் தை மாதம் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது.

மண்டபம் என்றதும் கல்தூணும் யாளியும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஓர் ஓட்டுக் கொட்டகை. அதற்கு முன்பு அங்கே உர மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளையடித்த பிறகும் வெயில் ஏறினால் உர வாசம் வந்தது.

மண்டபத்தை உண்டாக்கியவர் ஊர் விளையாட்டு மன்றத்தின் தலைவர் நஞ்சப்பன். விளையாட்டில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, விளையாடுவதைத் தவிர.

ஊரின் சிறந்த விளையாட்டு வீரர்களின் படங்களை மாட்ட அவர் பொள்ளாச்சிக்குப் போய் ஐந்து கண்ணாடி பிரேம்கள் வாங்கி வந்தார். நான்கு சிறியவை. ஒன்று பெரியது. பெரியது யாருக்கு என்று மற்றவர்கள் கேட்பதற்குள் அதில் அவர் படமே ஏறிவிட்டது. போன வருடப் பந்தயத்தை ரிப்பன் வெட்டித் தொடங்கி வைத்தவர் அவர்தானே.

மீதி நான்கு பிரேம்களுக்கும் யார் யார் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். பேசுவதற்கு ஆள் நிறைய இருந்தது. கைதட்டத்தான் ஆள் இல்லை. அதனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து முன்வரிசையில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த வரிசையில் பழனாத்தாளும் நபீஸாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பழனாத்தாளை எல்லோரும் பழனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா செங்கோட்டையன், விவசாயி. நபீஸாவின் அத்தா கமால், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஊர் வாலிபால் அணியில் சேர்ந்து ஆடியவர்கள்.

முதல் பெயர் குப்பண்ணன். கோயில் முன்னால் கிடக்கும் உருண்டைக் கல்லைத் தோளுக்கு மேல் தூக்கியவர். கல் அன்றைக்கே கீழே இறங்கிவிட்டது. அவருடைய இடுப்புதான் இன்னும் நிமிரவில்லை. எல்லோரும் சரி என்றார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்த பெயர் சங்கையா. அவர் நஞ்சப்பனின் சம்பந்தி. ரேக்ளா பந்தயத்தில் அவருடைய வண்டி முதலாவதாக வந்திருந்தது.

குப்பண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க தலைவரே, ஓடுனது காளைங்க. இவரு திண்டுல சாஞ்சு கூட்டத்தோட உக்காந்திருந்தாரு. மாட்டோணும்னா காளைப் படத்தையல்லோ மாட்டோணும்?"

"காளைக்கு வீரர் என்ற தகுதி விதிகளில் இல்லை," என்றார் நஞ்சப்பன். மேடை ஏறினால் அவர் பேச்சு மாறிவிடும்.

"எந்த விதிங்க?"

"நேற்று நான் எழுதிய விதி."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டக்கூடாத இடம் அது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது பெயர் செங்கோட்டையன். அதற்கு மறுப்பே இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் மீனாட்சிபுரத்தோடு ஆடிய இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தை எகிறி அடித்துக் கோப்பையை வாங்கி வந்தவர் அவர். அந்த அடியை ஒரு போட்டோக்காரர் படம் பிடித்திருந்தார். நஞ்சப்பன் அதைத் தூக்கிக் காட்டினார்.

பழனா எழுந்து எட்டிப் பார்த்தாள். படத்தில் அப்பா தரையை விட்டு உயரத்தில், ஓங்கிய கையோடு நின்றார். தலைக்கு மேலே பந்து. படத்தின் ஓரத்தில், பந்தை மேலே அனுப்பிவிட்டு இன்னும் இறங்காத இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. ஆள் தெரியவில்லை. ஒரு கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"படம் பிரேமை விடக் கொஞ்சம் அகலம்," என்றார் நஞ்சப்பன். "கவலை வேண்டாம். ஓரத்தில் யாருடைய கையோ குறுக்கே வந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் சரியாக இருக்கும்."

"அது எங்க அத்தா கை," என்றாள் நபீஸா. பழனாவுக்கு மட்டும்தான் கேட்டது.

பழனாவுக்கும் தெரிந்தது. தினமும் தராசைப் பிடிக்கும் அந்த வளைந்த விரலை அறியாதவர்கள் ஊரில் உண்டா? அவள் கையைத் தூக்கினாள்.

"கைதட்டத்தானே கூப்பிட்டோம், அம்முணி?" என்றார் நஞ்சப்பன்.

"அந்தக் கை கமால் மாமாவோடதுங்க. அவரு பந்தைத் தூக்கிக் குடுத்தாத்தானுங்க எங்கப்பா அடிக்க முடியும்? அவரு படமும் வேணுமுங்களே."

கூட்டத்தில் சலசலப்பு. நஞ்சப்பன் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். "தூக்கிக் கொடுப்பது ஓர் உதவி. அடிப்பது வீரம். இது வீரர்களுக்கான மண்டபம். உதவி செய்தவர்களை எல்லாம் மாட்ட ஆரம்பித்தால் சுவர் போதாது."

பழனா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ கால் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் பெயருக்குக் கைதட்டினார்கள். நபீஸா தட்டவில்லை. நான்காவது பிரேமுக்குப் பெயர் எதுவும் முடிவாகவில்லை. கூட்டம் முடிந்ததும் பழனாவுக்காகக் காத்திராமல் தனியாக நடந்து போய்விட்டாள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் தனித்தனியாக வீட்டுக்குப் போனதே இல்லை.

"ஏனப்பா பேசாம இருந்தீங்க?" என்று வீட்டில் கேட்டாள் பழனா.

"கமால் அதையெல்லாம் மனசுல வெச்சுக்க மாட்டான், கண்ணு."

"நீங்க கேட்டீங்களா?"

செங்கோட்டையன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தது.

மறுநாள் புளி வாங்கப் பழனா கடைக்குப் போனாள். நபீஸா உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை. கமால் வழக்கம்போலச் சிரித்தார்.

"பெரிய பேச்செல்லாம் பேசுனியாமே. விடு, அதெல்லாம் பழைய கதை. எனக்கு ஒண்ணும் இல்ல," என்று புளியைப் பொட்டலம் கட்டினார். கட்டி முடித்த பிறகு, எதிரே இருந்த உப்பு மூட்டையைப் பார்த்தபடி கேட்டார்: "அந்தப் படத்துல பந்து தெரியுதா?"

"தெரியுதுங்க மாமா."

"நல்ல உயரத்துலயா?"

"அப்பா கைக்கு மேலேங்க. நல்ல உயரமுங்க."

"ம்," என்றார் கமால். அவர் முகம் ஒரு நிமிடம் இளைஞனின் முகம்போல ஆனது. பிறகு வளைந்த விரலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்குப் பருப்பு அளக்கத் திரும்பினார்.

ஒண்ணும் இல்லை என்பவர் இப்படிக் கேட்பாரா? பழனா புளிப் பொட்டலத்தோடு யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

நஞ்சப்பனுக்கோ புதிதாக ஒரு யோசனை வந்திருந்தது. திறப்பு விழா அன்று, சிறப்பு விருந்தினர் கண் முன்னால், செங்கோட்டையன் அந்தக் கடைசி அடியை மறுபடியும் அடித்துக் காட்ட வேண்டும். பந்தைத் தூக்கிக் கொடுக்கத் தன் தங்கை மகன் சந்தனத்தை ஏற்பாடு செய்திருந்தார். "அதுக்கு எவன் நின்னா என்ன," என்றார்.

சனிக்கிழமை மாலை ஒத்திகை. ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

சந்தனம் முதல் பந்தைத் தூக்கினான். அது வேப்பமரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கல் எறிந்து இறக்கினார்கள். அடுத்தது செங்கோட்டையனின் முதுகுக்குப் பின்னால் போனது. அவர் பந்து இல்லாத இடத்தில் எகிறி, காற்றை ஓங்கி அடித்துவிட்டு இறங்கினார். அதற்கடுத்த பந்து நேராக நஞ்சப்பனின் மடியில் விழுந்தது. மடிக்கு மேலே அவர் கையில் டீ இருந்தது.

"அட எழவே, சுட்டுப்போச்சுடா," என்று அவர் மேடைத் தமிழை மறந்து குதித்தார்.

செங்கோட்டையன் வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவமானத்தில் காது சிவந்திருந்தது. பழனா செம்பில் தண்ணீர் கொண்டு போனாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "பந்தை நீங்களே மேலே போட்டுட்டு நீங்களே ஓடி வந்து அடிங்க. தூக்கிக் குடுக்கறது ஒரு பெரிய வேலையே இல்லைன்னு தலைவர் சொன்னாருங்களே."

செங்கோட்டையன் அவளைக் கூர்ந்து பார்த்தார். பழனா செம்பையே பார்த்தாள். அவர் பந்தை எடுத்து மேலே எறிந்தார், ஓடினார், எகிறினார். பந்து அவருக்கு முன்பே இறங்கி, அவர் காலடியில் வந்து காத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு, கடைக்குப் போலாம்," என்றார்.

கமால் பலகை போட்டுக் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். செங்கோட்டையன் சுற்றி வளைக்கவில்லை. "கமாலு, அன்னிக்குக் கூட்டத்துல நான் வாயத் தொறந்திருக்கோணும். தொறக்கல. தப்புதான்."

கமால் பலகையைக் கீழே வைத்தார். "இந்த நாலு நாளா உப்பு வாங்கக்கூட நீ வரலையே. அப்பவே தெரியும், உள்ளே ஏதோ உறுத்துதுன்னு."

"நாளைக்கு வர்றயா?"

"தொப்பை வந்துருச்சேடா. என்னால எகிற முடியாது."

"நீ எங்கடா எகிறப் போறே. எகிறுறது நானல்லோ?"

"அப்பச் சரி," என்றார் கமால். "நீ எகிறு. பந்து வரும்."

உள்ளேயிருந்து நபீஸா தலையை நீட்டினாள். பழனா மடியிலிருந்த கொடுக்காப்புளியில் பாதியை நீட்டினாள். நபீஸா வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நஞ்சப்பன் கத்தரிக்கோலோடு படத்தின் முன் உட்கார்ந்திருந்தார். ரிப்பன் வெட்டிய அதே கத்தரிக்கோல்.

"வெட்டாதீங்க தலைவரே," என்றார் செங்கோட்டையன். "படத்தை முழுசா மாட்டுங்க. இல்லாட்டி என் படமே வேண்டாமுங்க."

"முழுசா மாட்டப் பெரிய பிரேம் வேணுமே. இனிமே எங்கே போறது?"

"பெரிய பிரேம் ஒண்ணு இருக்குதுங்களே," என்றாள் பழனா.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரின் நடுவில், பெரிய பிரேமில், நஞ்சப்பன் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். குப்பண்ணன் இருமினார். அது இருமல்தானா என்று சொல்ல முடியாது.

நஞ்சப்பன் சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வாசலில் வந்து நின்ற சிறப்பு விருந்தினரின் வண்டியையும் பார்த்தார். "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார்.

அவருடைய படத்தைச் சிறிய பிரேமுக்கு மாற்ற ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தது. ரிப்பனும் கத்தரிக்கோலும் போய்விட்டன. கையை நீட்டிக்கொண்டு யாரிடமோ எதையோ கேட்பவர்போல அவர் மட்டும் மிஞ்சினார்.

சிறப்பு விருந்தினர் செபாஸ்டின், சித்தூரில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய படத்தின் முன் அவர் வெகுநேரம் நின்றார்.

"இந்தப் பந்து நல்ல பந்தாணு," என்றார் பாதி மலையாளத்தில். "இந்தக் கை ஆருடேது?"

"எங்க அத்தாவோடது," என்றாள் நபீஸா. இந்த முறை கூட்டம் முழுவதற்கும் கேட்டது.

மைதானத்தில் கமால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வலையோரம் நின்றார். பந்து வந்தது. வளைந்த சுண்டுவிரலோடு அந்தக் கைகள் அதைத் தொட்டதுபோலவும் இருந்தது, தொடாததுபோலவும் இருந்தது. பந்து மெல்ல மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்றது. செங்கோட்டையன் எகிறினார். பதினைந்து வருடத்துக்கு முந்தைய உயரம் இல்லைதான். பந்து அவருக்காகக் கொஞ்சம் தாழ்வாகவே காத்திருந்தது.

அடி விழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

பிறகு கமால் மண்டபத்துக்குள் வந்து படத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி, என் மூஞ்சியக் காணமே," என்றார்.

"உங்க மூஞ்சியத்தான் தினமும் கடையில பாக்கறோமுங்களே மாமா," என்றாள் பழனா.

அன்று சாயங்காலமே குப்பண்ணன், காலியாக இருந்த பிரேமுக்குக் காளையைப் படம் பிடிக்க ஆள் கூட்டி வரக் கொழிஞ்சாம்பாறைக்குப் புறப்பட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. பிள்ளைகள் எல்லோரும் பந்தைத் தூக்கிக் கொடுக்கத்தான் நிற்பேன் என்றார்கள். அடிப்பதற்கு ஒருவர்கூட இல்லை.

"சரி, நானே அடிக்கிறேன்," என்று பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள் நபீஸா.

பழனா வலைக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினாள்.

"எகிறு," என்றாள். "பந்து வரும்."