தொண்ணூற்று மூன்றாம் நாள்

“வேர்வையில கழண்டுட்டுன்னு சொன்னா—”

“வேர்வையில கழண்டது நடந்து போயி ஜெபப் புத்தகத்துக்குள்ள உக்காந்துக்கிட்டாக்கும். அதுவும் பக்கம் பாத்து.”

“நான் சொல்லி முடிக்கதுக்குள்ள—”

“மூணு வருஷமா இதத்தானட்டி நீ சொல்லி முடிக்க.”

கஸ்பாரின் உள்ளங்கையில் அந்த ஒட்டு கிடந்தது. கட்டைவிரல் நகமளவு, தோல் நிறத்தில் ஒரு மெல்லிய மருந்துப் படலம். அவன் மனைவி பிலோமியின் இடது மணிக்கட்டில் நூறு நாள் விலகாமல் இருக்க வேண்டியது. அவன் கடல்பாசிப் பண்ணைக்குக் கிளம்பும் முன், அன்றைய வாசகத்தைப் பார்க்கலாம் என்று புத்தகத்தைத் திறந்திருக்கிறான். இது வந்து விழுந்தது.

சுவரில் இருந்து ஒட்டைக் கண்காணிக்கும் உடல்மானிக்கு இந்தச் சண்டையெல்லாம் ஒரு பொருட்டில்லை. அது தன் தூய தமிழில் சொன்னது: “ஒட்டு விலகி இருபத்தொரு நிமிடங்கள் ஆகின்றன. முப்பத்தொன்பது நிமிடங்கள் மீதமுள்ளன.”

கடல் ஏறிய பிறகு தூத்துக்குடிக் கரையில் தூண்களின் மேல் எழுப்பிய தெரு அது. அங்கே ஏழெட்டு வீடுகளின் வாசலில் எண்பலகை தொங்கும். உள்ளே ஒருவர் நோய் அடங்கும் தணிவுக்கு நாள் எண்ணுகிறார் என்று பொருள். அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தால் யாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. எத்தனாம் நாள் என்றுதான் கேட்பார்கள். அன்று காலையும் எதிர்வீட்டுக்காரி கேட்டாள். தொண்ணூத்தி மூணு என்று பிலோமி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அப்போது ஒட்டு புத்தகத்துக்குள் போய்விட்டிருந்தது.

தன்னெதிர்ப்பு நோய்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் தணிவு என்பது வாய்த்தால் வாய்ப்பது. இப்போது அது நூறு நாள் பாடம். உடம்பின் காவல் செல்கள் தம் வீட்டையே எதிரியின் வீடு என்று நினைத்து அடித்து நொறுக்குகின்றன அல்லவா, ஒட்டு அவற்றைத் தூங்க வைத்து, எது தன்னது என்று மெல்ல மெல்லச் சொல்லிக்கொடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகினால் அவை விழித்துக்கொள்ளும், படித்தது அத்தனையும் மறந்துபோகும். மறுபடி முதல் நாள். மூன்று முறைக்கு மேல் ஒரு உடம்பு இந்தப் பாடத்தைத் தாங்காது. பிலோமிக்கு முதல் முறை தொண்ணூற்றோராம் நாளில் போனது. இரண்டாம் முறை தொண்ணூற்றாறில். இது மூன்றாவது.

அவள் விரல்கள் உள்நோக்கி மடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கையின் தோல் இறுகி, நெருப்பில் காட்டிய பிளாஸ்டிக் போலப் பளபளக்கும். பொத்தான் போட வராது. இப்போது இறுக்கம் நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வர நடுவில் ஒரு முறை நிற்கிறாள். காலையில் தலை பின்னிவிடுவது கஸ்பார்தான். பாசி கட்டும் கயிறு மாதிரி பின்னுதிய என்று தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டே பின்னுவான்.

“கைய நீட்டு,” என்றான்.

அவள் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எனக்காகக்கூட வேண்டாம். மூச்சு விட முடியாமக் கெடக்கியேட்டி ராவும் பகலும். சாவணும்னு இருந்தா அத எங்கிட்ட நேராச் சொல்லு.”

“சாவணும்னு ஆரு சொன்னா?”

“பெறவு?”

பிலோமி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு சீராகச் சற்று நேரமானது. மருத்துவர் இளநகை முதல் முறையே தன்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னதை, மூன்று வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். காவல் செல்கள் சும்மா வெறிபிடித்து அடிக்கவில்லை. அவள் உடம்பில் அவளுடையதல்லாத சில செல்கள் இருக்கின்றன. விருந்துச் செல்கள் என்பார்கள். அவற்றைக் குறிவைத்து எறிகிற கல்தான் அவள் தோலிலும் நுரையீரலிலும் விழுகிறது. தூங்குகிற காவல் விழிக்கும்போது சண்டை போட ஆளில்லாமல் இருக்க வேண்டும். அதனால் நூறாம் நாள் விருந்துச் செல்களை உடம்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கு வழியனுப்பு என்று பெயர்.

“அது தெரியும். தாள்ல போட்டிருந்து. அனுப்பட்டுமே. ஆரு வீட்டு விருந்தோ.”

“பாதி என்னது,” என்றாள் பிலோமி. “பாதி உங்களது. வேற ஆரா இருக்க முடியும்?”

கஸ்பார் ஒட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“வயித்துல இருக்கும்போது புள்ளையோட செல்லு தாய் உடம்புக்குள்ள போயிருமாம். பெத்து எறக்குன பெறகும் போகாதாம். அங்கங்க தங்கி வளந்துக்கிட்டே இருக்குமாம். படத்துல காட்டுனா டாக்டர். பச்சைப் புள்ளியா, சின்னச் சின்னதா.”

அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஜெனோவா. ஏழு வயது. பத்தொன்பது வருடத்துக்கு முன், புயலோ மழையோ இல்லாத ஒரு காலையில் கடல் எழுந்து பழைய தடுப்புச் சுவரைத் தாண்டி வந்தது. நடுக்கடலில் நின்ற படகுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலை தங்களுக்குக் கீழே போனதுகூட அவற்றில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கஸ்பார் படகில் இருந்தான். ஜெனோ கரையில் இருந்தாள். அவள் கிடைக்கவேயில்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே பூவும் மெழுகுதிரியுமாகப் போகும்போது, இவர்கள் மட்டும் எங்கே கொண்டுபோய் ஏற்றுவது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

“மூணு வருஷம்,” என்றான் கஸ்பார். குரல் இறங்கியிருந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னா என்ன சொல்லுவிய? செல்லெல்லாம் புள்ளையாகுமாட்டின்னு கேப்பிய.”

“ஆமா, கேட்டிருப்பேன்.” அவன் தரையில் உட்கார்ந்தான். “நீ தெனமும் அவளோட இருந்திருக்க. எந்திரிக்கும்போது, உறங்கும்போது. எனக்குள்ள ஆருட்டி இருக்கா?”

பிலோமி சேலைக்குள் வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்தாள். இந்தக் கையில்தான் அந்தப் பச்சைப் புள்ளி அதிகமாம் என்றாள். அவன் அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மடங்கிய விரல்களை, வெடித்து ஆறாத நுனிகளை. காலையும் மாலையும் எண்ணெய் தடவிவிட்ட கைதான். இன்றுதான் முதல் முறை பிடிப்பவன் போலப் பிடித்திருந்தான்.

“பதினேழு நிமிடங்கள் மீதமுள்ளன,” என்றது சுவர்.

“இங்க இவ்வளவு இறுகிக் கெடக்கே,” என்று கேட்டான். “இங்கதான் ரொம்ப அடிக்கா?”

“ம்.”

“அப்போ அடி ஒனக்கு மட்டுமில்ல.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“பத்தொம்பது வருஷமா ஒன் உடம்பு அவளத்தானட்டி அடிச்சிக்கிட்டு இருக்கு. ஓடி ஒளிய எடமில்லாம உள்ளேயே வாங்கிக்கிட்டு இருக்கா. ஒட்டு இருக்கப்பட்ட இந்தத் தொண்ணூறு நாளுதான் அவளுக்கு அடி இல்ல. நீ இதக் கழத்தி வைக்கும்போதெல்லாம் காவக்காரனுவள எழுப்பி விடுத.” ஒட்டை அவள்முன் நீட்டினான். “நீ அவளக் காப்பாத்துதேன்னு நெனச்சிக்கிட்டு இருக்க, பிலோமி.”

சுவர் அடுத்துப் பேசியபோது ஒன்பது நிமிடங்கள் மிச்சம் இருந்தன. தூண்களுக்கு அடியில் தண்ணீர் வந்து மோதிப் போய்க்கொண்டிருந்தது. பண்ணைப் படகு ஒரு முறை ஊதியது. கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னும் ஏழு நாளுதான் இருப்பா,” என்றாள் பிலோமி.

“ஏழு நாளு இருப்பாளே.”

“பெறவு நான் விரல நீட்டுவேன். படியேறுவேன். ஒரே மூச்சுல ஜெபமாலை சொல்லுவேன். எல்லாரும் நல்லாருக்கியான்னு கேப்பாவ. நல்லாருக்கேன்னு சொல்லணும், என்ன?”

“சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டை மேலே திருப்பிக் கொடுத்தாள். அவன் துணியால் துடைத்து, ஊதிக் காயவைத்து, ஒட்டை வைத்து, ஓரம் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்தினான். உடல்மானி ஒரு சிறு மணி அடித்து, தொண்ணூற்று மூன்றாம் நாள் தொடர்கிறது என்று அறிவித்தது. அதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

படகு மறுபடியும் ஊதியது. அவன் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலையும் எடுக்கவில்லை.

ஜெனோ தினமும் காலையில் வாசல்வரை பின்னாலேயே வருவாள், ஒரு கையில் செருப்போடு. நானும் வாரேன்ப்பா என்பாள். நாளைக்கு என்பான் அவன். கடல் எழுந்த அன்றும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனான். இது பிலோமிக்குத் தெரியும். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் அவனும் இதைப் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

கஸ்பார் குனிந்தான். அவளுடைய மணிக்கட்டில் உதடு படும்படி, உறங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில் கேட்டான்.

“ஏட்டி ஜெனோ, அப்பா படகுக்குப் போறேன். வாரியா?”