போல்ட் மூடினால் தூக்கு

போன் அலறியது.

துப்பாக்கி மெக்கானிக் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தார். காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். ரைபிள் கிளப் முதலாளி கொலை கேஸ்ல உங்க தம்பிய கைது பண்ணிட்டோம்."

"கொலையா? தற்கொலைன்னுல்ல சொன்னாங்க..."

"நேத்து வரைக்கும் நாங்களும் அப்படித்தான் நெனைச்சோம்."

"மேடம்... அவனுக்கு வாய்தான் நீளம். எறும்பக்கூட மிதிக்க மாட்டான்."

"அத இங்க வந்து சொல்லுங்க."

ஸ்டேஷன் மேஜையில் இரண்டு ரைபிள்கள். ஒரே மாடல். ஒன்று முதலாளியின் பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மற்றது தம்பியுடையது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவர்... உள்ளே, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தம்பி. அழுது வீங்கிய முகம்.

"அண்ணே... நான் ஒண்ணும் பண்ணல."

"தெரியும்டா. பேசாம உக்காரு."

இன்ஸ்பெக்டர் அம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"தன்னோட ரைபிளால சுட்டுட்டு, தற்கொலை மாதிரி காட்ட முதலாளி ரைபிள பக்கத்துல போட்டிருக்கார். இதான் கேஸ்."

"அவன் எதுக்கு சுடணும்?"

"உங்க மகளுக்காக."

மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

போன மாதம் நடந்தது. கிளப்பில் முதலாளியின் ரைபிளை வாங்கிச் சுடப் பழகிக்கொண்டிருந்தாள் மகள். தோட்டாக் கூடு பிளந்தது. வெடிவாயு பின்பக்கமாகச் சீறியது. வலது கண் போனது! பெண்ணின் சித்தப்பா கிளப் வாசலில் நின்று, "உன்னச் சும்மா விட மாட்டேன்டா" என்று கத்தியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

"அந்த ரைபிள்ல சேம்பர் ஆழம் அதிகம் மேடம். தோட்டா போய் உக்கார்ற அறைதான் சேம்பர். பின்னால அடைக்கிற போல்ட மூடினா தோட்டா ஆடாம நிக்கணும். இதுல எடம் மிச்சம். வெடிக்கிறப்ப பித்தளை அந்த எடத்துக்கு இழுபடும். ஒரு நாள் பிஞ்சிடும். அந்த எட அளவு, அதான் ஹெட்ஸ்பேஸ், சரியில்ல, சுடாதீங்கன்னு அந்த ஆள்கிட்ட தலைதலையா அடிச்சிக்கிட்டேன்."

"அதுக்கும் தம்பிக்கும் என்ன?"

"இருக்கு. சுட்ட கூடு, அது வெடிச்ச சேம்பர் அளவுக்கு நீண்டிருக்கும். தம்பி ரைபிள நானே இறுக்கமா அமைச்சேன். முதலாளி ரைபிள்ல வெடிச்ச கூட்ட இதுல போட்டா போல்ட் மூடாது."

"மூடிட்டா?"

"மூடாது."

"மூடிட்டா, மெக்கானிக்?"

"இதே ரைபிள்ல வெடிச்சதுன்னு அர்த்தம். தம்பிய தூக்குல போடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கூட்டை எடுத்தார். தம்பியின் ரைபிளில் போட்டார். போல்ட்டை முன்னே தள்ளி, கைப்பிடியை அழுத்தினார்...

மூடியது!

ஒரு முரண்டும் பிடிக்காமல் மூடியது.

மெக்கானிக் நம்பாமல் கூட்டை வெளியே எடுத்துத் துடைத்தார். மறுபடியும் போட்டார்.

மறுபடியும் மூடியது.

"ஏட்டய்யா, எழுதிக்குங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "தம்பி ரைபிள்தான். அண்ணனே சொல்லிட்டார்."

"இல்ல மேடம். இருக்கவே முடியாது."

"ஏன்?"

மெக்கானிக் மூன்றாவது முறையாகப் போல்ட்டை இழுத்துத் திறந்தார்.

"அண்ணே..." கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் உடைந்து வந்தது. "உன் கையாலயே என்னக் கொன்னுட்டியே."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மெக்கானிக் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"அவன விட்டுடுங்க மேடம். சுட்டது நான். முதலாளியோட ரைபிள்லதான். எம்மக கண்ணு போன பிறகும் அதையே வாடகைக்கு விட்டுட்டிருந்தான். இன்னொரு வீட்டுப் புள்ளைக்கும் அப்படி ஆகணுமா? வயிறு எரிஞ்சது... சுட்டுட்டேன். ஆனா அந்தக் கூடு எப்படி இதுல நுழையுது? எனக்குப் புரியல."

இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்து இன்னொரு கவரை எடுத்து வைத்தாள்.

"பிணம் கிடந்த ரூம்ல எடுத்த கூடு இதுதான். நீங்க போட்டுப் பாத்தது, இன்னிக்குக் காலையில தம்பி ரைபிள்ல நாங்க சுட்டது."

மெக்கானிக் அந்தக் கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெஞ்சுல குண்டு வாங்கினவன் எழுந்து, போல்ட்டத் தொறந்து, கூட்ட எடுத்து, மேஜையில கவுத்து வெச்சிட்டா சாவான்? திரும்ப வெடிமருந்து நிரப்பறதுக்காக கூடு சேக்கறவங்க பழக்கம் அது. சுட்டதும் கை தானா எடுத்துடும். உங்க பட்டறையில வரிசையா கவுத்து வெச்சிருக்கறத நானே பாத்தேன். உங்க தம்பி கூடு சேக்கறதே இல்ல, புதுசு வாங்கித்தான் சுடுவார். அப்புறம், மகளுக்காக சித்தப்பா அந்தக் கத்து கத்தறார்... பெத்த நீங்க மூச்சே விடல."

லாக்கப் திறந்தது. தம்பி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான்.

"பாப்பாவ நீ பாத்துக்கடா" என்றார் மெக்கானிக்.

ஏட்டு விலங்கோடு வந்தார். சுத்தியல் பிடித்துத் தடித்த அந்த மணிக்கட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"மேடம், கை ரொம்பப் பெருசா இருக்கு. மூடுமா?"

"தைரியமா போடுங்க ஏட்டய்யா. அதுல மட்டும் இதுவரைக்கும் அளவுப் பிரச்சினைன்னு யாரும் வந்ததில்ல."