இரண்டாவது பெயர்

"ஐயோ... சுப்ரஜா!"

புனேயின் அந்த சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீன் மொத்தமும் எழுந்து நின்றது.

தரையில் சுப்ரஜா! உதடுகள் வீங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது ஜவ்வரிசிக் கிச்சடித் தட்டு.

அன்று சங்கஷ்டி, அதாவது சங்கடஹர சதுர்த்தி. விரத நாளென்றால் அந்த ஊர் கேன்டீனில் ஜவ்வரிசிக் கிச்சடிதான். வறுத்துப் பொடித்த வேர்க்கடலையை அள்ளிப் போட்டிருப்பார்கள்.

சுப்ரஜாவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு சிட்டிகை போதும், உயிருக்கே உலை!

"நகருங்க... நகருங்க!"

சந்துரு பாய்ந்து வந்தான். அடுத்த மாதம் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன். பையிலிருந்து ஊசியை எடுத்து அவள் தொடையில் குத்தினான். அவனுக்கும் வேர்க்கடலை ஆகாது. அதனால் ஊசி இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

எல்லாரும் ஓடினார்கள். டீம் லீட் ஸ்ரீவத்சன் மட்டும் கேன்டீன் சூப்பர்வைசர் ஷீலாவிடம் போய் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"சந்துரு... இன்னிக்கு இங்க சாப்பிடலையா?"

"நஹி சார். சுப்ரஜா மேடம் தனக்கு விரதம்னு இங்க சொல்லிட்டு, அவருக்கு மட்டும் வீட்லேர்ந்து சாப்பாட்டு டப்பா கொண்டாந்தாங்க. அதான் சாப்பாட்டைக் கேன்சல் பண்ணிட்டார்."

டப்பா!

அவள் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்திலும் ஸ்ரீவத்சனுக்கு வயிறு எரிந்தது.

மூன்று வருஷமாக அவளை மனசுக்குள்ளேயே காதலித்தவன் அவன். சொல்லத்தான் வாய் வரவில்லை. போன வருஷம் கோயமுத்தூரிலிருந்து வந்த சந்துரு எட்டே மாதத்தில் நிச்சயதார்த்தமே முடித்துவிட்டான். எதனால்? வேர்க்கடலையால்! இரண்டு பேருக்கும் கேன்டீனில் தனிச் சட்டி. பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. படி வேர்க்கடலையைத் தின்றாலும் ஒரு ஏப்பத்தோடு முடிந்துபோகிற உடம்பு ஸ்ரீவத்சனுக்கு. அந்த ஒவ்வாமை தனக்கு இல்லையே என்றுகூட அவன் பொறாமைப்பட்டிருக்கிறான்!

மணி மூன்று. மீட்டிங் அறை.

எதிரே இன்ஸ்பெக்டர் வசந்தகுமார். அவருடைய அப்பா ராணுவ வேலையாகப் புனேக்கு வந்த தமிழர்.

"நான் இங்க தாபோடில பொறந்து வளந்தவன் சார். தமிழ் கொஞ்சம்தான் வரும், கம்ப்யூட்டர் அதைவிடக் கம்மி. ஜரா மெதுவா சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"கேன்டீன் ஆப் எங்க டீம் ஜாவால எழுதினது சார்," என்றான் ஸ்ரீவத்சன். "கடலை ஆகாதவங்கள்ல இன்னிக்கு யார் யார் சாப்பாடு சொல்லியிருக்காங்களோ, அவங்க லிஸ்ட் ஸ்கிரீன்ல வரும். ஷீலா அதைப் பார்த்துத்தான் தனியா சமைப்பாங்க. பதினொன்னு அம்பத்தஞ்சுக்கு யாரோ சுப்ரஜா பேரை எடுத்துட்டாங்க."

"யாரோன்னா?"

"கேன்டீன் பாஸ்வேர்டைப் போட்டு நுழைஞ்சிருக்காங்க. அது எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும்... சந்துருவுக்கும்." குரலைத் தாழ்த்தினான். "இன்னொன்னு சார்... பதினொன்னு அம்பத்திரண்டுக்கு அவன் தன்னோட சாப்பாட்டைக் கேன்சல் பண்ணியிருக்கான். மூணே நிமிஷத்துல அவ பேர் போகுது!"

"அரே! கட்டிக்கப் போறவனே உலை வெச்சிட்டானா?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். கம்ப்யூட்டர்ல பதிவான லாக் சொல்லுது."

வசந்தகுமார் தாடையைச் சொறிந்தார்.

"ஒரு சின்ன டவுட். நான் ஒரு பேரைத் தொட்டு, 'நீக்கு'ன்னு அழுத்தறேன். எந்தப் பேருன்னு உள்ள இருக்கற மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

தன் வேலையைப் பற்றிக் கேட்டால் எந்த ப்ரோக்ராமருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"சிம்பிள் சார். நீங்க தொட்டது லிஸ்ட்ல எத்தனாவது பேரோ, அந்த எண் மட்டும் சர்வருக்குப் போகும். அந்த நிமிஷம் சர்வர் லிஸ்டைப் புதுசா எடுத்து, அந்த எண்ல யார் இருக்காங்களோ அவங்களைத் தூக்கிடும்."

"எம்ப்ளாயி நம்பர் போகாதா?"

"அதுக்கு ரெண்டு நாள் கூடுதல் வேலை. வேணாம்னு விட்டுட்டேன்."

"ஓஹோ... நீங்க எழுதினதா? சரி, இன்னிக்கு என்ன எண் போச்சு?"

"ரெண்டு."

"அந்த ஆள் லிஸ்டைத் திறந்தது எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு நாப்பத்தெட்டு."

"அப்ப லிஸ்ட்ல யார் யார்?"

"பாலாம்பாள் மேடம்... சந்துரு... சுப்..."



"ரேஷன் க்யூ மாதிரிதானே சார்?" வசந்தகுமார் நாற்காலியை முன்னால் இழுத்தார். "ரெண்டாவதா நின்னவன் வீட்டுக்குப் போயிட்டான். மூணாவது ஆள் அந்த இடத்துக்கு வந்தாச்சு. ஸ்கிரீன்ல மட்டும் பழைய க்யூ! ஆக, அழுத்தினவன் தொட்ட பேர் சுப்ரஜா இல்ல... சந்துரு!"

ஸ்ரீவத்சன் கதவுப் பக்கம் பார்த்தான்.

"மேடம் விழுந்ததும் எல்லாரும் அவங்களைப் பார்த்து ஓடினாங்க. நீங்க ஷீலாகிட்ட போய் என்ன கேட்டீங்க?"

"நான்... சும்மா..."

ட்ரிங்... ட்ரிங்!

வசந்தகுமார் செல்போனை எடுத்தார். கேட்டார். முகம் இறுகியது. தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பக்கத்திலேயே போனையும் வைத்தார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து... மன்னிச்சிடுங்க சார். மேடத்தைக் காப்பாத்த முடியல."



"இல்ல...!" ஸ்ரீவத்சன் மேஜையில் தலையை மோதிக்கொண்டான். "அவளுக்கு இல்ல! சத்தியமா அவளுக்கு இல்ல! நான் அவன் பேரைத்தான் தொட்டேன்! ஏழு நிமிஷம் சார்... அழுத்தலாமா வேணாமான்னு அவன் பேரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்! அவன் செத்தா அவ எனக்குக் கிடைப்பான்னு... ஐயோ, அவளையே கொன்னுட்டேனே!"

"ஸ்ரீவத்சன்..."

கரகரத்த குரல். மேஜை மேலிருந்த போனிலிருந்து!

அவன் நிமிர்ந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சு... சுப்ரஜா?"

"சந்துரு போட்ட ஊசி காப்பாத்திடுச்சு." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "உங்க ப்ரோக்ராமோட ரிவ்யூல எழுதியிருந்தேனே... லிஸ்ட்ல எத்தனாவதுன்னு அனுப்பாதீங்க, எம்ப்ளாயி நம்பரை அனுப்புங்க, என்னிக்காவது தப்பான ஆள் மாட்டிக்குவாங்கன்னு. நீங்க அதைப் படிக்கவே இல்லையா?"

பின்னாலிருந்து சந்துருவின் குரல். "போதும் கண்ணு, பேசாத. இந்தா, தண்ணி குடி."

கண்ணு!

அழுதுகொண்டிருந்தபோதே ஸ்ரீவத்சனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

வசந்தகுமார் தொப்பியை மாட்டிக்கொண்டு விலங்கை எடுத்தார்.

"வாங்க சார். ஏரவாடா ஜெயில்ல உங்களுக்கும் ஒரு நம்பர் கொடுப்பாங்க. லிஸ்ட்ல எவன் வந்தாலும் போனாலும் அது மாறவே மாறாது... அவங்க உங்களைவிட நல்ல ப்ரோக்ராமருங்க!"