பிரெய்த்வெயிட் பெயரைப் பறிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை

வினிஃப்ரெட் பிரெய்த்வெயிட் கோபத்தில் கதவைச் சாத்தினால், மூன்று மைலுக்கு அப்பால் மேயும் ஆடுகளின் கம்பளி தானாக உதிர்ந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எட்கர் டன்னிங் வீட்டுக் கதவைச் சாத்திய வேகத்தில் யார்க்‌ஷயரில் நாற்பது ஆடுகள் அம்மணமாயின. எண்ணிப் பார்த்தே சொல்கிறேன்.

"என்னை அநாதை வம்சம்னு எழுதியிருக்கான், எட்கர்! என் பேரே எனக்குச் சொந்தமில்லையாம்!"

டன்னிங் ஓய்வுபெற்ற பிறப்பு இறப்புப் பதிவாளர். இடி விழுந்தாலும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். தபால் கொடுக்க வந்த பெரில் ஸ்டாட், துப்பறியும் வேலை என்ற வாசனை பட்டதுமே பையை இறக்கி வைத்துவிட்டாள்.

"உட்காரு வினி. யாரு எழுதினது?"

"வேற யாரு? அந்த கிளைவ் ஹார்ஸ்ஃபால்!"

ஆற்றோரத்துத் தரும வீடுகளைக் கட்டிவைத்தவர் பழைய பிரெய்த்வெயிட் ஒருவர். அந்தப் பெயரும் அவருடைய ரத்தமும் உள்ளவர்கள் மட்டுமே அங்கே வாடகையின்றி இருக்கலாம் என்பது அவருடைய உயில். இப்போது மிச்சமிருப்பது எழுபத்தொரு வயது வினிஃப்ரெட் மட்டும். அவரையும் கிளப்பிவிட்டால் வீடுகளைச் சுற்றுலா விடுதியாக்கலாம் என்று அறக்கட்டளைச் செயலாளர் கிளைவ் கணக்குப் போட்டிருந்தான். தேவாலயப் பெட்டியில் கிடைத்ததாக ஒரு பழைய தாளையும் நீட்டியிருந்தான்.

அதன் நகலை வினிஃப்ரெட் மேசைமேல் அறைந்தார். பெரில் உரக்க வாசித்தாள்: "செப்டம்பர் 10, 1752, ஞாயிறு. ஆராதனை மணி ஒலிக்கையில் கோவில் வாசலில் கிடந்த ஆண் குழந்தை. கண்டெடுத்தவரின் வயல் பெயரால் ஜோசையா பிரெய்த்வெயிட் எனப்பட்டது."

ஜோசையா வினிஃப்ரெட்டின் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். தாள் நிஜமென்றால் அவருக்கு அந்த ரத்தமே இல்லை.

"காட்டை வெட்டி அகலமா வெளி உண்டாக்குனவங்க நாங்க. அதான் அந்தப் பேரோட அர்த்தம். கோடாலி பிடிச்ச கையிலேர்ந்து வந்த பேரு! வெள்ளிக்கிழமை காலி பண்ணணுமாம். அவன் தலையை இந்தக் கெட்டில்லயே வேக வைக்கிறேன்!"

"கெட்டில் சின்னது," என்றார் டன்னிங். "வாங்க, கோவில் மணிக்கூண்டுக்குப் போவோம்."

மணிக்கூண்டுச் சுவரில், மணியடிப்போர் ஒவ்வொரு ஞாயிறும் அடித்த தேதியை எழுதிவைத்த பழைய மரப்பலகை தொங்கியது. பெரில் ஏணியில் ஏறி 1752-க்கான வரிசையின் தூசியைத் துடைத்தாள்.

"ஆகஸ்ட்ல அஞ்சு ஞாயிறு. அக்டோபர்ல அஞ்சு. செப்டம்பர்ல மட்டும் பதினேழும் இருபத்துநாலும்தான். சோம்பேறிப் பசங்க, ரெண்டு வாரம் டிமிக்கி குடுத்துட்டாங்க ஐயா!"

டன்னிங் முதன்முறையாகச் சிரித்தார். "இல்ல கண்ணு. ஒரு வாரம்கூட விடல."

வியாழன் மதியம் அந்தப் பலகைக்குக் கீழேயே அறக்கட்டளை கூடியது. தலைவர் ஜேபஸ் ஆர்க்ரைட், பன்றிப் பண்ணைக்காரர். மழை பெய்கிறது என்றால்கூட வெளியே போய் நனைந்து பார்த்துத்தான் நம்புவார். கிளைவ் புதுக் கழுத்துப்பட்டையுடன் வந்திருந்தான்.

"கிளைவ் தம்பி," என்றார் டன்னிங், "பத்தாம் தேதி ஞாயிறுன்னு தாள்ல இருக்கே, சரியா?"

"சந்தேகமா? இருபத்துநாலு ஞாயிறு, பதினேழு ஞாயிறு. அப்ப பத்தும் ஞாயிறுதானே. பலகையே சொல்லுது."

"அப்படிப் பின்னாலேர்ந்து எண்ணித்தான் நீ எழுதின. அந்த வருஷம் நம்ம நாட்டு நாட்காட்டி ஐரோப்பாவை விடப் பதினோரு நாள் பின்தங்கியிருந்துச்சு. அதைச் சரிபண்ண, செப்டம்பர் ரெண்டு, புதன்கிழமைக்கு அடுத்த நாளையே பதினாலு, வியாழக்கிழமைன்னு சட்டம் போட்டுட்டாங்க. பத்தாம் தேதி இங்கிலாந்துல விடியவே இல்ல. விடியாத நாள்ல எந்த மணி அடிச்சுது? எந்தக் குழந்தை கிடந்துச்சு? அன்னிக்கு வாழ்ந்தவன் எவனும் அந்தத் தேதியை எழுதியிருக்க மாட்டான்."

கிளைவின் முகம் வெளிறி, வேகவைத்த டர்னிப் கிழங்கு நிறத்துக்குப் போனது.

"திருட்டு நாயே!" வினிஃப்ரெட் எழுந்த வேகத்தில் மேலே பெரிய மணி தானாக ஒருமுறை ஒலித்தது. "என் பாட்டனை வாசல்ல தூக்கிப் போட்டியாடா? என்னையும் தூக்கி ரோட்டுல போடப் பாத்தியா?"

"உட்காருங்க எல்லாரும்!" ஆர்க்ரைட் மேசையைக் குத்தினார். "பதினோரு நாளை அப்படியே முழுங்கினாங்களாம்! பன்றிக்குட்டி தொலைஞ்சாலே ஊரைக் கூட்டுறோம். மணிக்காரங்க பீர் குடிச்சுட்டுக் கிடந்திருப்பாங்க. நான் நம்பமாட்டேன், எட்கர்."

"நம்ப வேணாம் ஜேபஸ். இந்தக் கூண்டுக்குப் பின்னாடி உங்க குடும்பக் கல்லறை இருக்கு. யூ மரத்தடிச் சின்னக் கல்லு. என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

 ஆர்க்ரைட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். ஈரப் புல்லில் அந்தப் பெரிய மனிதர் மண்டியிட்டு, பாசியை விரலால் சுரண்டினார். வெகுநேரம் எழவில்லை.

அவர் திரும்பி வந்தபோது கிளைவ் நழுவப் பார்த்தான். பெரில் தபால் பையோடு வாசலை அடைத்து நின்றாள். ஆர்க்ரைட் நேரே வினிஃப்ரெட்டிடம் போனார்.

"'மெர்சி ஆர்க்ரைட். பிறப்பு 1752 செப்டம்பர் ரெண்டு. இறப்பு செப்டம்பர் பதினாலு. ஒரே ஒரு நாள் வாழ்ந்தாள்.' கல்லு செதுக்கினவனுக்குக் கணக்கு வராதுன்னு எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா அவனைத் திட்டுறோம்." அவர் விரலில் ஒட்டிய பாசியைத் துடைத்துக்கொண்டார். "அவன் தப்பே பண்ணல. உன் வீட்டை விட்டு நீ எங்கயும் போக வேணாம், வினி. நடந்திருக்கு. பதினோரு நாளை முழுங்கினது சத்தியமா நடந்திருக்கு."